அம்மன் வாக்கும் கந்தப்பனின் பெட்டியும்

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் நாகலிங்கம் முதலாளி ஒரு கடை வைத்திருந்தார். சைக்கிள் டியூப், லாம்புச் சிமினி, கிராமபோன் ஊசி, கம்பளி எல்லாம் ஒரே அலமாரியில் முட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் கடைக்கு முப்பத்தெட்டாம் வருஷம் கொழும்பிலிருந்து ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி வந்து இறங்கியது. அன்றிலிருந்து கடையில் வேலை பார்த்த கந்தப்பனின் கால் தரையில் பாவவில்லை. அதுவரை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன், பெட்டி விற்ற இடத்தில் கொஞ்ச நாள் தங்கிப் பழகிவிட்டு வந்து, தன்னை எஞ்சினியர் என்றே எண்ணிக்கொண்டான். "ரசத்துல உப்புக் கொறைஞ்சாக்கூட இந்த மனுசன் விரலத் திருகித்தான் காட்டுறாரு" என்று அவன் பெண்டாட்டி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

பெருமைப்பட்டதில் தப்பில்லை. பெட்டியின் முகத்தில் மூன்று திருகுகள் இருந்தன. இடது பக்கத் திருகு ஒரு மைக்குக்கு, நடுத் திருகு இன்னொரு மைக்குக்கு, வலது பக்கத் திருகு கிராமபோன் ரெக்கார்டுக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். இங்கே ஒருவர் பாட, அங்கே ஒருவர் பேச, யார் சத்தம் வெளியே கட்டிய கூம்புக் குழாய்க்குப் போக வேண்டும், யாருடையது போகக்கூடாது என்பதெல்லாம் கந்தப்பனின் மூன்று விரலில் இருந்தது. ஊரில் பெரிய மனிதர்களுக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது.

ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் முழுக்க ஏற்றக்கூடாது. ஏற்றினால், குழாயில் வருகிற சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழையும், நுழைந்தது மறுபடி குழாயில் வரும், சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையிட ஆரம்பிக்கும். ஒன்றை இறக்கிய பிறகுதான் மற்றதை ஏற்ற வேண்டும். கந்தப்பன் இதைக் கேட்கிறவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான்.

ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அந்த வருஷம் பெட்டியை வரச்சொன்னவர் சோலைமலைக் கங்காணி. பெரிய கங்காணி. தோட்டத்தில் பாதிப் பேர் அவருடைய ஆட்கள். அவர் சொன்னால் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்க ஒரு காம்பிரா கிடைக்கும், அவர் முகம் சுளித்தால் சட்டி பானையோடு வெளியே போக வேண்டும். கோயில் சாவிகூட அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

திருவிழாவன்று காலை கந்தப்பன் பெட்டியோடும் பாட்டரிகளோடும் தோட்டத்து லாரியில் வந்து சேர்ந்தான். ஒரு குழாயை லயங்களைப் பார்த்துக் கற்பூர மரத்தில் கட்டினான். இன்னொன்றைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உட்காரும் மேடைப் பந்தலிலேயே கட்டும்படி கங்காணி உத்தரவு. தன்னைப் புகழ்ந்து பேசுவது துரை காதில் தெளிவாக விழ வேண்டுமே! "மேடை மைக்குக்குப் பக்கத்துலயே குழாய் இருந்தா ஊளை உடும்ங்க" என்று கந்தப்பன் சொல்லிப் பார்த்தான். "சொன்னதச் செய்யப்பா" என்றார் கங்காணி. சரி, மேடைத் திருகைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனும் கட்டிவிட்டான். மற்ற மைக் அம்மன் சந்நிதிக்கு முன்னால், பூசாரி நிற்கும் இடத்தில்.

வயரை மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. மஞ்சள் நனைத்த சேலை, கையில் வேப்பிலை.

"அண்ணே, இதுல பேசுனா எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

"காத்து தோதா இருந்தா ஆத்துக்கு அந்தாண்ட தோட்டம் வரைக்கும் கேக்கும் தங்கச்சி."

"மேல டிவிசனுக்கு?"

"நல்லாக் கேக்கும்."

"தொரைக்கு?"

"தொரை காதுக்கிட்டயே ஒரு குழாய் கட்டியிருக்கேன். கேக்காம எங்க போகும்?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவள் பெயர் அம்மாக்கண்ணு. இராமையாவின் பெண்டாட்டி. இராமையா செத்து நாற்பதாம் நாள் காரியம்கூட முடியவில்லை. கொழுந்து பறிக்கிற மலைக்குப் போகிற வழியில், சரிவில் வெட்டிய வடிகாலான கானில் வழுக்கி விழுந்து செத்தான் என்று தோட்டத்தில் பேச்சு. கந்தப்பனும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தான்.

"எம்புருசன் வழுக்கி விழுந்து சாகல்லண்ணே" என்றாள்.

நடந்தது இதுதான். சோலைமலைக் கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தோட்டத்து வேலைக்கு என்று ஆட்களைப் பிரித்துவிட்டு, அவர்களில் கொஞ்சப் பேரைத் தன் சொந்த மரக்கறித் தோட்டத்தில் கொத்த விட்டுவிடுவார். ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் பெரட்டில் துரையின் முன்னால் இராமையா அதைக் கேட்டுவிட்டான். அன்று சாயங்காலமே கங்காணியின் ஆட்கள் அவனை மாட்டுப்பட்டிக்கு இழுத்துப்போனார்கள். கங்காணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார். அடித்து முடித்துக் கானில் தூக்கிப் போட்டார்கள். இராமையா தவழ்ந்தே லயத்துக்கு வந்து சேர்ந்தான். யார் யார் அடித்தார்கள், யார் அடிக்கச் சொன்னது என்று பெண்டாட்டியிடம் சொல்லும் வரைக்கும் உயிர் இருந்தது.

அம்மாக்கண்ணு துரையைப் பார்க்க ஆபீசுக்குப் போனாள். படி ஏறுமுன்னே விரட்டி விட்டார்கள். லயத்தில் கதவு கதவாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் அழுதார்கள். எல்லாரும் அவள் வாயைப் பொத்தினார்கள். ஒரு பெண்பிள்ளை சொல்லை நம்பிக் கங்காணியைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்? அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வெளியே போனால் எங்கே போவார்கள்?

"ஆத்தா எம்மேல வருசா வருசம் எறங்குவா. எல்லாருக்கும் தெரியும். இந்த வருசமும் வருவா. வந்து அவன் பேரச் சொல்லிக் கேப்பா. ஆத்தா கேட்டா அவன் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணித்தான் ஆகணும்."

அது அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த முறை. அம்மன் வாக்கில் ஒருவன் பெயர் வந்துவிட்டால், அவன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனின் வம்சம் தழைக்காது. அதற்குப் பயந்து களவுச் சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு, அந்த இடத்திலேயே காலில் விழுந்தவர்கள் உண்டு.

"அவன் அணைக்க மாட்டான்ணே. ஊரையே மிரட்டுவான், ஆனா ஆத்தான்னா அவனுக்குக் குலை நடுங்கும். ரெண்டு ஆம்பளப் புள்ளைக வச்சிருக்கான்."

"நா என்ன செய்யணும்ங்கிற?"

"ஆத்தா பேசுறது உறுமிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கிறதில்ல. வடிவேல் பூசாரி காத வச்சுக் கேட்டுட்டு, தனக்குத் தோதா மாத்தித்தான் சொல்லுவாரு. இந்த வருசம் ஆத்தா சொல்றது ஆத்தா வாயாலயே கேக்கணும். நீங்க அந்தத் திருக மூடிராதீங்க. அம்புட்டுத்தான்."

வேண்டுமென்றே ஆடப் போகிறாளா, நிஜமாகவே ஆத்தா இறங்குவாளா என்று கந்தப்பன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே பதில் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். "மூட மாட்டேன் தங்கச்சி" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கங்காணியே வந்தார். கோட்டும் தலைப்பாகையும் போட்டு, தோளில் சரிகைத் துண்டு. "இந்தா பாரு தம்பி, தொரையும் தொரைசாணியும் வாறாங்க. பொம்பளைக சாமி வந்து கண்டதையும் உளறுவாளுக. அது எதுவும் குழாயில வரக்கூடாது. நான் துண்ட எடுத்து ஒதறுனா, அம்மன் மைக்க மூடிட்டு ரெக்கார்டப் போட்டுடணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா" என்றான் கந்தப்பன். பாவம், காலையில் இருவருக்கும் தலையாட்டிவிட்டான்.

மதியம் திரும்பியதும் துரையும் துரைசாணியும் காரில் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் மாலை போட்டார்கள். கந்தப்பன் அம்மன் மைக்கின் திருகை இறக்கி, மேடைத் திருகைப் பாதிக்கு ஏற்றினான். கங்காணி மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, துரை இல்லாவிட்டால் சூரியனே உதிக்காது என்கிற மாதிரி பேசினார். பேச்சு மலைக்கு மலை எதிரொலித்தது. கூட்டம் குழாயையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு முன் ஒலிபெருக்கியைக் கண்டவர்கள் அந்தத் தோட்டத்தில் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கந்தப்பன் மேடைத் திருகை மூடி, அம்மன் திருகை ஏற்றினான். ஒன்றை இறக்கி, மற்றதை ஏற்றி, எல்லாம் கச்சிதம்.

தேர் லயங்களைச் சுற்றிவிட்டுக் கோயில் வாசலுக்கு வந்தபோது பனி இறங்க ஆரம்பித்திருந்தது. உறுமி முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை அடங்குவதற்குள் அம்மாக்கண்ணுவின் உடம்பு குலுங்கியது. கூந்தல் அவிழ்ந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள்மேல் அம்மன் வருவாளா என்று முணுமுணுத்தவர்களும் கை கூப்பிவிட்டார்கள். அவள் நேரே சந்நிதிக்கு வந்து, மைக்குக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள்.

பூசாரி வழக்கம்போல் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தேவையே இருக்கவில்லை. கந்தப்பன் அம்மன் மைக்கின் இடது திருகை முழுக்க ஏற்றிவிட்டான்.

"டேய் சோலமல!"

மலை முழுக்கக் கேட்டது. உறுமிக்காரன் கை தானாக நின்றது.

"எம்புள்ள இராமையாவ மாட்டுப்பட்டியில போட்டு அடிச்சது யாருடா? பக்கத்துல நின்னு பாத்தது யாருடா? வாடா! வந்து கற்பூரத்த அணைச்சுச் சொல்லுடா!"

ஆயிரம் முகம் மேடைப் பக்கம் திரும்பியது. இத்தனை நாள் தரையைப் பார்த்துக்கொண்டு கங்காணியைக் கடந்து போனவர்கள் அன்று அவரை நேருக்கு நேர் பார்த்தார்கள். மேல் டிவிசன் ஆட்கள் சிலர் மேடையை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்கள். "கற்பூரம் அணைக்கச் சொல்லு!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டான். அடுத்த லயத்துப் பூரணி, இராமையா செத்த அன்று அம்மாக்கண்ணுவின் வாயைப் பொத்தியவள், நெஞ்சில் அடித்துக்கொண்டு "கேளு தாயே, கேளு!" என்று அழுதாள்.

கங்காணி துண்டை எடுத்து உதறினார். கந்தப்பன் பார்த்தான். கையை எடுக்கவில்லை. மறுபடி உதறினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாழ்நாளில் யார் சொல்லையும் மீறிய முதல் தடவை அது.

அதற்குப் பிறகு கங்காணி துண்டை உதறவில்லை. துண்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. முகம் சாம்பல் பூத்துவிட்டது. எரிகிற கற்பூரத்தை அவர் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் அணைக்கப் போகிறவர்போல் கையை நீட்டினார், பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மேடை மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது.

அவர் ஏதோ சொல்கிறார். ஆனால் அவர் முன்னால் இருக்கிற மைக் மூடிக் கிடக்கிறது. கற்பூரத் தட்டை வைத்திருந்தவனுக்கு மட்டும் கேட்டால் போதுமா? நாளைக்கு அவனை ஒரு அடி போட்டால், கேட்கவே இல்லை என்று சொல்லிவிடுவான். ஆத்தா கேட்டது மலைக்கெல்லாம் கேட்டது, இவர் ஒப்புக்கொள்வதும் மலைக்கெல்லாம் கேட்க வேண்டாமா? இந்த நினைப்பு மட்டும்தான் கந்தப்பனுக்கு இருந்தது. நல்ல நினைப்புத்தான். மேடை மைக்கின் நடுத் திருகைப் பிடித்து முழுக்கத் திருகினான். இடது திருகை இறக்க மறந்துவிட்டான்.

"தாயே, நான்..." என்று கங்காணியின் குரல் குழாயில் வந்தது.

மறு நொடி ஊளை கிளம்பியது. நரிக் கூட்டம் காதுக்குள்ளேயே நின்று ஊளையிடுகிற மாதிரி, மெல்லியதாகத் தொடங்கி, ஏறி, ஏறி, மலையைக் கிழித்தது. கங்காணியின் மிச்சச் சொல் அதில் போயே போய்விட்டது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு சிதறியது. பிள்ளைகள் வீரிட்டன. கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவன் தட்டைப் போட்டுவிட்டு ஓடினான். கந்தப்பன் பதறிப்போய் ரெக்கார்டுத் திருகைத் திருகினான், பிறகு எதை எதையோ திருகினான். ஊளை அடங்கியபோது அம்மாக்கண்ணு மைக்குக்கு முன்னால் குப்புற விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் மேல் இருந்தது எதுவோ, அது போய்விட்டிருந்தது.

துரைசாணி எழுந்துவிட்டாள். துரை தலையை ஆட்டி, "சரி சரி, நல்ல திருநாள்" என்று தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டு அவளைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமியாடியவள் என்ன கேட்டாள் என்று அவருக்குப் புரிந்ததா இல்லையா, யாருக்கும் தெரியாது. கார் வளைவு திரும்பிப் பனிக்குள் மறைந்தது.

முதலில் வாய் திறந்தவர் வடிவேல் பூசாரி.

"அம்மன் வாக்கா இது? அம்மன் ஊளை உடுவாளா?" அவர் நடித்தார் என்று சொல்ல முடியாது, அவரும் பயந்துதான் போயிருந்தார். "எத்தன வருசமா கேட்டிருக்கோம், இந்த மாதிரி உண்டா? இது இராமையா ஆவி! கெட்ட சாவு செத்தவன், பொண்டாட்டியப் புடிச்சிட்டான்!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அகாலமாகச் செத்தவன் ஆவியாக அலைவான், முதலில் பெண்டாட்டியைத்தான் பிடிப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். பேய் வாயில் வருவதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பதும் தெரியும். இறங்க மனமில்லாமல் அது யார் பெயரையாவது இழுத்துப் பேசும், பொய் சொல்லும், குடும்பத்தைக் கெடுக்கும். பேய் கேட்டதற்காக யாரும் கற்பூரம் அணைக்க வேண்டியதில்லை. மேடையை நோக்கி நடந்தவர்கள் நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கங்காணியின் முகத்தில் மெல்ல மெல்ல இரத்தம் ஊறியது. குனிந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மாக்கண்ணுவை உட்கார வைத்துக் கையைக் கட்டினார்கள். உச்சி மயிரைப் பிடித்து முடிச்சுப் போட்டார் பூசாரி. புளியம் விளாரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உறுமி மறுபடி தொடங்கியது.

"போறியா? போறியா இல்லியா?"

"நான் பேயில்ல. அம்மாக்கண்ணு. எம்புருசன கங்காணிதான் கொன்னாரு. நான்தான் சொல்றேன், நான்தான்!"

"பாத்தீங்களா, இன்னும் அவரு பேரத்தான் சொல்லுது" என்று விளாரை ஓங்கினார்.

கந்தப்பன் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். "ஐயா, அடிக்காதீங்க! அது பேயில்ல, எம்பொட்டிச் சத்தம்! ரெண்டு திருகையும் சேத்துத் தொறந்துட்டேன், எந்தப்பு! அந்தப் புள்ள பாவம்!"

யாரும் திரும்பவில்லை. பெட்டி பேசும், பாடும் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தானாக ஊளையிடும் என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்? விளார் இறங்கிய இடத்தில் சேலை கிழிந்திருந்தது. பூரணி, தன் கூடப்பிறந்தவளைப் போல அம்மாக்கண்ணுவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிருடா இராமையா, அவள விட்டுட்டுப் போயிருடா" என்று கதறிக்கொண்டிருந்தாள்.

சொன்னால் நம்பமாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்று கந்தப்பனுக்குத் தோன்றியது. திரும்ப ஓடினான். "எல்லாரும் இங்க பாருங்க! அவ அங்க இருக்கா, மைக் இங்க இருக்கு. ஒருத்தரும் பேசல. பாருங்க!" இரண்டு திருகையும் ஒருசேர ஏற்றினான்.

ஊளை கிளம்பியது. முன்னதைவிடப் பெரிதாக.

சொன்னபடியே நடந்தது. எல்லாரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணம், ஒரே கணம், புரிந்துவிட்டது என்று கந்தப்பன் நினைத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எறங்கிருச்சு!" என்று பூசாரி கத்தினார். "அவ ஒடம்ப விட்டு எறங்கிப் பொட்டிக்குள்ள பூந்துருச்சு! உடாத, புடி!"

எலுமிச்சம்பழம் பறந்தது. திருநீறு பறந்தது. பின்னால் கல் வந்தது. கந்தப்பன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், அவனைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்கள். கவ்வாத்துக் கத்தியின் முதுகால் பெட்டியின் முகத்தில் போட்டார்கள். உள்ளே சிவந்திருந்த வால்வுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. ஊளை பாதியில் அறுந்தது. ஆண்கள் வயரோடு பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் ஆற்றில் தள்ளினார்கள்.

கந்தப்பன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். நாகலிங்கம் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட அவனுக்கு நினைப்பு வரவில்லை. தோளில் ஒரு கை விழுந்தது. சோலைமலைக் கங்காணி.

"நல்ல காரியம் செஞ்ச தம்பி" என்றார் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "ரெண்டு தடவையும்."

கந்தப்பனுக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. தட்டிவிடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அவனால் மீற முடிந்தது.

கங்காணி சந்நிதிப் பக்கம் நடந்தார். கூட்டம் வழிவிட்டது. அம்மாக்கண்ணுவின் கையை அவிழ்த்திருந்தார்கள். பூரணி அவள் முகத்தைத் துடைத்து, தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். பேய் நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். விளாரைக் கீழே வைக்காமல் பூசாரி கேட்டார்.

"ஒம்பேரு என்ன?"

"அம்மாக்கண்ணு."

"நல்லது" என்றார் பூசாரி. அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. கங்காணி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அம்மாக்கண்ணுவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பெற்ற தகப்பன் கேட்பதுபோல் அத்தனை பரிவாகக் கேட்டார்.

"இப்பச் சொல்லு புள்ள. ஒம்புருசன் எப்படிச் செத்தான்?"

பின்வரிசையில் நின்றவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அம்மாக்கண்ணு அவரைப் பார்த்தாள். பூசாரி கையில் இருந்த விளாரைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றியவன் இருந்தான். கேளு தாயே என்று அழுதவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் மாட்டுப்பட்டி தெரியும். எல்லாருடைய கண்ணும் கெஞ்சியது, சொல்லிவிடு, குணமாகிவிடு என்று. கந்தப்பன் சேற்றிலிருந்து எழுந்து நின்றான். சொல்லாதே என்று கத்த நினைத்தான். கத்தினால் மறுபடி அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டான்.

"கான்ல வழுக்கி விழுந்து" என்றாள் அம்மாக்கண்ணு.

பெண்கள் குலவையிட்டார்கள். பூரணி அவளைத் தன் மடியில் இழுத்துச் சாய்த்து, கலைந்த தலையைக் கோதிவிட்டு, சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள்.

"இப்பத்தாண்டி நீ நீயாப் பேசுற."